ஒரு சிவப்பணு போதும்: ஜி6பிடி சோதனை வழியே உயர்நிலை உயிரியல்

சிங்கப்பூரில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஜி6பிடி என்ற நொதி போதிய அளவு இருக்கிறதா என்பதும் அதில் பார்க்கப்படும். குறைவு என்று வந்தால் பெற்றோர் கையில் ஒரு தாள் கிடைக்கும். வீட்டில் அந்துருண்டை வைக்கக்கூடாது, ஃபேவா பீன்ஸ் கொடுக்கக்கூடாது, சில மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது என்று அதில் இருக்கும். மஞ்சள் காமாலை வருகிறதா என்று குழந்தையைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

பெற்றோருக்கு அப்போது எழும் கேள்விகள் நியாயமானவை. அலமாரியில் கிடக்கும் உருண்டைக்கும் குழந்தையின் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? ஏன் ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது? நம் இரு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாதது எங்கிருந்து வந்தது? இது நோயா, வாழ்நாள் முழுக்கத் தொடருமா?

இவை எல்லாவற்றுக்கும் பதில் உயர்நிலை 3, 4 உயிரியல் பாடத்தில் இருக்கிறது. ஆனால் செல் ஒரு அத்தியாயம், நொதி இன்னொரு அத்தியாயம், மரபியல் கடைசியில் எங்கோ என்று பிரிந்து கிடக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாக மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு நொதியும் மரபணுவும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று தெரியாமலே போய்விடுகிறது. சாதாரண நிலைத் தேர்வின் இடத்தில் 2027 முதல் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் தேர்வு வருகிறது. தேர்வின் பெயர் எதுவானாலும், "ஏன்" என்று கேட்கும் கேள்வியில்தான் மதிப்பெண் போகிறது. அதனால் இங்கே அத்தியாய வரிசையை விட்டுவிட்டு ஒரே ஒரு செல்லை, இரத்தச் சிவப்பணுவை, பிடித்துக்கொண்டு போகலாம்.

முதலில் ஐந்து சொற்கள்

1. செல்: உயிரின் அடிப்படை அலகு. உயிரணு என்றும் சொல்வார்கள்.
2. புரதம்: அமினோ அமிலங்கள் மணிமாலைபோலக் கோத்து, பிறகு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்த பொருள். செல்லின் பெரும்பாலான வேலைகளைச் செய்வது இதுதான்.
3. நொதி: வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். வினை முடிந்த பிறகும் அது செலவழியாமல் அப்படியே இருக்கும்.
4. மரபணு: ஒரு புரதத்தை எப்படிக் கோக்க வேண்டும் என்று டிஎன்ஏவில் எழுதப்பட்ட பகுதி.
5. குரோமோசோம்: மரபணுக்களைத் தாங்கும் நீண்ட டிஎன்ஏ இழை. நம் செல்களில் 46 உண்டு. அவை 23 இணைகளாக இருக்கும்.

வரிசையைத் திருப்பிப் படித்தால் ஒரு பாதை தெரியும். குரோமோசோமில் மரபணு, மரபணு சொல்லும் புரதம், அந்தப் புரதம் நொதியாகி வேலை செய்யும் செல். ஜி6பிடி என்பது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியின் சுருக்கப் பெயர். 515 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் மாலையில் ஒரு மணி மாறலாம். மணி மாறினால் மடிப்பு கெடலாம். மடிப்பு கெட்டால் நொதி சீக்கிரம் சிதையும் அல்லது சரியாக வேலை செய்யாது. குறைபாடு என்று சோதனைத் தாளில் இருப்பதன் பொருள் இவ்வளவுதான்.

எல்லாவற்றையும் துறந்த செல்

சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் இருக்கும். நடுவில் இருபக்கமும் குழிந்த தட்டு வடிவம். முதிர்ந்த சிவப்பணுவில் மரபணுக்கள் இருக்கும் உட்கரு கிடையாது, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை வெளிக்கொணரும் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஹீமோகுளோபினுக்கு இடம் விடுவதற்காக எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டது. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும்.

குழி ஏன் என்பதைக் கணக்காகப் பார்த்தால் மறக்காது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் பரப்பு 24, கன அளவு 8. பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம் 6 என்பதிலிருந்து 3 ஆகக் குறைந்துவிட்டது. பெரிதாக ஆக, உள்ளே இருப்பவற்றுக்கு வாசல் குறைகிறது. குழிந்த தட்டு வடிவம், கன அளவைக் கூட்டாமல் வாசலைக் கூட்டுகிறது. நுரையீரலின் காற்றுப்பைகள், சிறுகுடலின் விரல் போன்ற நீட்சிகள், வேரின் மெல்லிய தூவிகள் எல்லாம் இதே கணக்குதான். பாடநூலில் நான்கு இடத்தில் வருவதால் நான்கு செய்தி என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

உட்கரு இல்லாததற்கு ஒரு விலை உண்டு. மரபணு இல்லாத செல்லால் புதிய புரதம் செய்ய முடியாது. பிறக்கும்போது கையில் இருந்த நொதிகளை வைத்துக்கொண்டே சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும். பழையது கெட்டால் மாற்று இல்லை. ஜி6பிடி குறைபாடு சிவப்பணுவைக் குறிப்பாகத் தாக்குவதற்கு இது ஒரு காரணம். இதே மரபணு மற்ற செல்களிலும் உண்டு. ஆனால் அவை புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். தற்காப்புக்கு வேறு வழிகளும் அவற்றுக்கு இருக்கின்றன.

சவ்வு: பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம்

செல் சவ்வு சிலவற்றை விடும், சிலவற்றைத் தடுக்கும். அதைக் கடக்கும் வழிகள் மூன்று. மூன்றையும் ஒரே சிவப்பணுவில் பார்க்கலாம்.

பரவல் என்பது செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் நகர்வது. நுரையீரலில் காற்றுப்பைக்குள் ஆக்சிஜன் அதிகம், அங்கு வந்து சேரும் இரத்தத்தில் குறைவு. அதனால் ஆக்சிஜன் சிவப்பணுவுக்குள் வருகிறது. யாரும் தள்ளவில்லை, செல்லுக்கு ஆற்றல் செலவும் இல்லை. இரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு நீடிக்கிறது. நின்றுவிட்டால் இருபக்கமும் சமமாகி நிகர நகர்வு நின்றுபோகும்.

சவ்வூடுபரவல் தண்ணீருக்கு மட்டும் உரிய பெயர். மாவடு போட்ட வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கியிருக்கும். வெளியே உப்பு கூடியதால் நீரின் இயல்திறன், அதாவது ஓரிடத்தை விட்டு நகரும் நாட்டம், அங்கே குறைந்தது. வடுவின் செல்களிலிருந்து நீர் வெளியே வந்தது. "உப்பு தண்ணீரை உறிஞ்சியது" என்று வீட்டில் சொல்வதில் தவறில்லை. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் வராது. ஏனென்றால் விளக்கத்துக்கு மூன்று துண்டுகள் வேண்டும்:

1. நகர்வது எது? நீர் மூலக்கூறுகள்.
2. எங்கிருந்து எங்கே? நீர் இயல்திறன் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, நிகரமாக.
3. எதன் வழியாக? ஒருபகுதி புகவிடும் சவ்வின் வழியாக.

"நிகரமாக" என்ற சொல்லைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். நீர் இரு பக்கமும் எப்போதும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பக்கமாக அதிகம் போகிறது என்பதே செய்தி.

இப்போது சிவப்பணுவுக்கு வருவோம். வெறும் தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து அது ஊதி வெடித்துவிடும். அடர்ந்த உப்பு நீரில் போட்டால் வடுவைப்போலச் சுருங்கும். மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் 0.9 விழுக்காடு உப்பு இருப்பது இதனால்தான்: அந்த அளவில் சிவப்பணு ஊதுவதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டைத் தண்ணீரில் போட்டால் மட்டும் ஏன் வெடிப்பதில்லை? தாவரச் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே உறுதியான செல் சுவர் இருக்கிறது. அது தாங்கிக்கொள்ளும், துண்டு விறைப்பாகும். விலங்குச் செல்லுக்கு அந்தச் சுவர் இல்லை.

கழிவுநீரைத் தூய்மையாக்கும் நம் ஊர் நியூவாட்டர் இதையே தலைகீழாகச் செய்கிறது. நீர் இயல்பாகப் போகும் திசைக்கு எதிராக அழுத்தம் கொடுத்து, சவ்வின் வழியே நீரை மட்டும் தள்ளி, கரைந்திருப்பவற்றைப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். 2003 முதல் நடக்கும் வேலை. "எதிர்ச் சவ்வூடுபரவல்" என்ற பெயரின் பொருள் அதுதான்.

மூன்றாவது வழி செயல்மிகு கடத்தல். சிவப்பணுவின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதப் பம்புகள் இருக்கின்றன. செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு, மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல. அதனால் ஆற்றல் செலவாகும். இரத்த வங்கியில் குளிரில் வைத்த இரத்தத்தில் இந்தப் பம்பு மெதுவாகி, பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். பரவல் தானாக நடந்துகொண்டே இருக்க, பம்பு மட்டும் ஆற்றலை நம்பியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சுவாசம் என்ற சொல் தரும் குழப்பம்

தமிழில் சுவாசம் என்றாலே மூச்சு என்று எடுத்துக்கொள்கிறோம். உயிரியலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். காற்றை இழுத்து விடுவது மூச்சுவிடுதல். அது தசைகளின் வேலை. செல்லுக்குள் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றலை வெளிக்கொணர்வது செல் சுவாசம், அது வேதிவினை. குளுக்கோஸும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகின்றன, ஆற்றல் வெளிப்படுகிறது. "ஆற்றல் உருவாக்கப்படுகிறது" என்று எழுதக்கூடாது. உணவுக்குள் ஏற்கெனவே இருந்தது வெளிவருகிறது, அவ்வளவுதான்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் வேரூன்றியிருக்கிறது. பகலில் செடி ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்பது அது. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் கூடுதலாக இருப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மூச்சு அடைக்கும் என்று ஊரில் சொல்வதற்கு இந்த அறிவியலைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அது பொருந்தாது. திறந்தவெளியில் மரம் விடும் கார்பன் டை ஆக்சைடு ஆளை ஒன்றும் செய்யாது.

சிவப்பணுவில் என்ன நடக்கிறது? அது கோடிக்கணக்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கிறது. ஆனால் ஒன்றைக்கூடத் தன் ஆற்றலுக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியாவே அதனிடம் இல்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் லாக்டிக் அமிலம்வரை சிதைத்து, கிடைக்கும் கொஞ்ச ஆற்றலில் பம்புகளை ஓட்டிக்கொள்கிறது. காற்றில்லாச் சுவாசம் என்றால் ஓட்டப்பந்தயத்தில் கால் வலிப்பது மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

நொதி, அந்துருண்டை, தூளிப் புடவை

நொதியின் பரப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவக் குழி உண்டு. அதில் பொருந்தும் பொருள் (தளப்பொருள்) மட்டுமே வினைபுரியும். பூட்டும் சாவியும் என்ற உவமை இதற்குத்தான். வடிவம்தான் வேலை. வெப்பம் மிகுந்தால் மடிப்பு குலைந்து குழி உருமாறும், நொதி இயல்பிழக்கும். "நொதி செத்துவிட்டது" என்று எழுதுவது விடைத்தாள்களில் அடிக்கடி வரும் தவறு. நொதிக்கு உயிரே கிடையாது, அது ஒரு மூலக்கூறு. தோசை மாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் புளிப்பு மெதுவாகிறது, வெளியே எடுத்தால் மீண்டும் வேகம் பிடிக்கிறது. குளிரில் நொதியின் வடிவம் கெடவில்லை, மூலக்கூறுகள் மெதுவாக நகர்ந்ததால் மோதல் குறைந்தது. வெந்த தோசையில் நடப்பது வேறு: வடிவமே குலைந்துவிட்டது, ஆறினாலும் திரும்பாது.

ஜி6பிடி நொதி என்ன செய்கிறது? சிவப்பணுவுக்குள் வரும் குளுக்கோஸில் ஒரு சிறு பங்கைத் தனி வழியில் திருப்பி, ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் பொருளைத் தயார்நிலையில் வைத்திருக்கிறது. எப்போதும் ஆக்சிஜனையே சுமக்கும் செல்லுக்குத் துருப்பிடிக்கும் ஆபத்து அதிகம். மைட்டோகாண்ட்ரியா உள்ள மற்ற செல்களுக்கு மாற்று வழி இருக்கிறது. சிவப்பணுவுக்கு இது ஒன்றே.

இனி அந்துருண்டைக்கு வரலாம். காரணங்கள் இப்படி அடுக்கி வருகின்றன:

1. நாஃப்தலீன் அந்துருண்டை அறை வெப்பத்திலேயே ஆவியாகும். துணியில் படியும், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் சேரும்.
2. உடலில் அது மாறி உண்டாகும் பொருள்கள் சிவப்பணுக்களில் ஆக்சிஜனேற்றச் சேதம் செய்யும்.
3. நொதி போதிய அளவு உள்ள செல் சமாளித்துவிடும். குறைந்த செல்லில் ஹீமோகுளோபின் கெட்டுக் கட்டியாகும், சவ்வு பழுதாகும்.
4. பழுதான செல்களை மண்ணீரல் பிடித்து அழிக்கும். சில இரத்த ஓட்டத்திலேயே உடையும்.
5. 120 நாள் வாழ வேண்டியவை கூட்டமாக முன்கூட்டியே போவதால் இரத்தசோகை வரும்.

இங்கே உடைவது சவ்வூடுபரவலால் வெடிப்பதல்ல. இரண்டிலும் சிவப்பணு உடைகிறது என்பதால் ஒன்றாக்கிவிடக்கூடாது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் இருப்பதாக நான் நினைக்கிறேன். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், துவைத்து மென்மையான பழைய துணி போடுவதும், பாட்டியின் பழைய புடவையில் தூளி கட்டுவதும் நம் வழக்கம். அந்தப் புடவை ஆண்டுக்கணக்கில் அந்துருண்டையோடு அலமாரியில் இருந்ததாக இருக்கலாம். அன்போடு எடுத்துக் கட்டுவார்கள். குறைபாடுள்ள குழந்தைக்கு அதுதான் ஆபத்து. மூத்த பிள்ளையின் எடுத்துவைத்த சட்டைகளும் அப்படியே. பாட்டிக்கு "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மனம் நோகும். காரணத்தைச் சொன்னால் அவரே அலமாரியைக் காலி செய்துவிடுவார்.

ஃபேவா பீன்ஸிலும் இதேபோல் சேதம் செய்யும் பொருள்கள் உண்டு. நம் மொச்சை வேறு தாவரம், ஃபேவா வேறு. கடையில் பெயர்களைக் கலந்து சொல்வார்கள். சந்தேகம் வந்தால் மருத்துவர் தந்த பட்டியலையே நம்ப வேண்டும். இந்தக் குறைபாட்டை 1956ல் கண்டுபிடித்ததே ஒரு மருந்தின் வழியாகத்தான்: மலேரியாவுக்குத் தந்த பிரிமாகுவின் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்களை உடைத்தது ஏன் என்று தேடியபோது, அவர்களிடம் இந்த நொதி குறைந்திருந்தது தெரிந்தது.

குறைபாடு உள்ள பெரும்பாலோர் தூண்டும் பொருள்களைத் தவிர்த்தால் எல்லாரையும்போல வாழ்கிறார்கள். பிறந்த சில நாள்கள்தான் அதிகக் கவனம் கேட்பவை. சிவப்பணு உடையும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வரும். அதை வெளியேற்றும்படி மாற்றுவது கல்லீரலின் ஒரு நொதி. பச்சிளம் குழந்தையின் கல்லீரல் இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. வரத்து கூடி, வெளியேற்றம் குறைந்தால் மஞ்சள் ஏறும். மிக அதிகமானால் மூளையைப் பாதிக்கும். நீல ஒளியின்கீழ் குழந்தையை வைப்பது, பிலிருபினின் வடிவத்தை மாற்றி நீரில் கரையச் செய்வதற்கு. காலை வெயிலில் காட்டுவதை அதற்கு மாற்றாக நம்பி இருந்துவிடக்கூடாது.

மரபு: யார் வழி வந்தது என்ற கேள்வி

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பெண்ணுக்கு ஒன்றில் மாற்றம் இருந்தாலும் இன்னொன்று பெரும்பாலும் கைகொடுக்கும், அவர் கடத்தி, அதாவது மாறிய எக்ஸைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர். ஆணிடம் உள்ள ஒரே எக்ஸில் மாற்றம் இருந்தால் ஈடுகட்ட எதுவும் இல்லை. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இதனால்தான். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று பெருமளவு அடங்கிக்கிடக்கும் என்று மரபியலாளர் மேரி லயன் 1961ல் முன்வைத்தார். எந்த எக்ஸ் அடங்குகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும் என்பதால், சில கடத்திப் பெண்களுக்கும் குறைபாடு வெளிப்படும்.

தாய் கடத்தி, தந்தைக்குக் குறைபாடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான்கு சேர்க்கைகள் வரும்:

1. தாயின் இயல்பான எக்ஸ், தந்தையின் எக்ஸ்: இயல்பான மகள்.
2. தாயின் மாறிய எக்ஸ், தந்தையின் எக்ஸ்: கடத்தி மகள்.
3. தாயின் இயல்பான எக்ஸ், தந்தையின் ஒய்: இயல்பான மகன்.
4. தாயின் மாறிய எக்ஸ், தந்தையின் ஒய்: குறைபாடுள்ள மகன்.

ஆக ஒவ்வொரு மகனுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இது நாணயம் சுண்டுவதுபோல ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகத் தொடங்கும் கணக்கு. முதல் மகனுக்கு வந்துவிட்டது, அதனால் இரண்டாவது தப்பிவிடும் என்பது தவறு. நான்கு கட்டம் போட்டால் நான்கு பிள்ளைகள் என்று பொருளல்ல. தந்தைக்குக் குறைபாடு இருந்தால் அவருடைய மகனுக்கு அவரிடமிருந்து வராது, ஏனென்றால் மகனுக்கு அவர் தருவது ஒய். மகள்கள் எல்லாரும் அந்த எக்ஸைப் பெறுவார்கள். தாத்தாவிடம் இருந்தது மகளிடம் தெரியாமல் இருந்து பேரனிடம் வெளிப்படுவது இப்படித்தான். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பதற்கும் இதுவே பதில்: இருந்திருக்கும், யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. "அம்மா வழியாக வந்தது" என்ற உண்மை சில வீடுகளில் அம்மாவின் குற்றமாகிவிடுகிறது. பிள்ளை பெற்று நான்கு நாள் ஆன பெண்ணிடம் "உன் வீட்டு இரத்தம்" என்று பேசுவது கொடுமை. அந்த எக்ஸ் அவருக்கு அவருடைய தந்தையிடமிருந்து வந்திருக்கலாம், தாயிடமிருந்தும் வந்திருக்கலாம். இரண்டு எக்ஸில் எதைத் தருவது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. முட்டை உருவாகும்போது நடக்கும் குறைப்பகுப்பு என்ற செல் பிரிவில் குரோமோசோம் இணைகள் பிரியும்போது எது எந்த முட்டைக்குப் போகிறது என்பது தற்செயல்.

கெட்ட மரபணு ஏன் மறைந்துபோகவில்லை?

இயற்கைத் தேர்வைச் சரியாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. உலக வரைபடத்தில் ஜி6பிடி குறைபாடு அதிகமுள்ள பகுதிகளைக் குறித்தால், அவை பழைய மலேரியாப் பகுதிகளோடு பெரிதும் ஒத்துப்போகும். மலேரியாக் கிருமி வாழ்வது சிவப்பணுவுக்குள். தற்காப்பு குறைந்த செல் அந்தக் கிருமிக்கும் நல்ல வீடாக அமைவதில்லை.

"மலேரியாவை எதிர்க்க உடல் இந்த மரபணுவை உருவாக்கிக்கொண்டது" என்று எழுதினால் தவறு. தேவைப்பட்டதால் எதுவும் தோன்றவில்லை. நடந்தது இந்த வரிசையில்:

1. மாற்றம் தற்செயலாக, முன்பே சிலரிடம் இருந்தது.
2. மலேரியா பரவிய இடத்தில் அவர்களில் கூடுதல் பேர் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள்.
3. பிள்ளைகளுக்கு அந்த மரபணு போனது.
4. பல தலைமுறையில் அந்தக் கூட்டத்தில் அதன் பங்கு கூடியது.

மாறியது மக்கள் கூட்டத்தின் கலவை. தனி ஆள் எவரும் மாறவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு "பாக்டீரியா பழகிவிட்டது" என்று சொல்வதிலும் இதே பிழை இருக்கிறது.

அரிவாள் செல் மரபணுவும் இப்படித்தான். ஹீமோகுளோபின் மாலையில் ஆறாவது மணியான குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது. அந்த ஒரு மணியால் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. 1952ல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது அறியப்பட்டது. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு அது மலேரியாவிலிருந்து பாதுகாப்புத் தருகிறது என்று ஆய்வாளர் ஆண்டனி அலிசன் 1954ல் காட்டினார்.

நமக்கு இது தொலைவான கதையல்ல. மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த தமிழர்கள் மலேரியாவில் ஏராளமாக மடிந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது 1982ல். இன்று இங்கே அந்த மரபணுவால் பயன் இல்லை. ஆனாலும் அது உடனே மறையாது. தேர்வு நடத்திய சூழல் போய்விட்டது, தேர்ந்தெடுக்கப்பட்டது மிஞ்சியிருக்கிறது. 1854ல் சிங்கப்பூருக்கு வந்து புக்கிட் தீமாவில் வண்டுகள் சேகரித்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், நான்கு ஆண்டுகள் கழித்து, விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் கிழக்குத் தீவுகளில் படுத்திருந்தபோதுதான் இயற்கைத் தேர்வு என்ற எண்ணத்தை எட்டினார். அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார்.

சமநிலையும் சர்க்கரைச் சோதனையும்

சிவப்பணு குறைந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும்; எலும்பு மஜ்ஜை வேகம் பிடிக்கும்; ஆக்சிஜன் போதிய அளவுக்கு வந்ததும் சுரப்பு குறையும். விலகலைக் கண்டு அதற்கு எதிர்த்திசையில் செயல்பட்டு, பழைய நிலைக்கு வந்ததும் அடங்குவது எதிர்மறைப் பின்னூட்டம். இரத்தச் சர்க்கரைக்கு இன்சுலின், வெப்பத்துக்கு வியர்வை என்று பாடநூலில் வருபவை எல்லாம் இந்த ஒரே அச்சு. பெயர்களை மாற்றிப் போட்டால் போதும்.

இதிலிருந்து வீட்டுப் பெரியவர்களைத் தொடும் ஒரு விளைவு வருகிறது. நீரிழிவுக்காரர்களுக்கு எடுக்கும் எச்பிஏ1சி சோதனை, ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறது. சிவப்பணு 120 நாள் சர்க்கரையில் ஊறுகிறது என்ற நம்பிக்கையில்தான் அதை இரண்டு மூன்று மாதச் சராசரியாகப் படிக்கிறார்கள். ஜி6பிடி குறைபாட்டால் செல்கள் சீக்கிரம் உடைந்து புதியவை வந்துகொண்டே இருந்தால், ஒட்டுவதற்கு நாள் போதாது. உண்மையில் சர்க்கரை கூடியிருந்தும் எண் குறைவாகக் காட்டலாம். மகனுக்குப் பிறப்பிலேயே குறைபாடு தெரிந்த வீட்டில் தாய்வழித் தாத்தாவுக்கும் அது இருக்க வாய்ப்புண்டு. அவர் காலத்தில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அவர் நீரிழிவுக்குப் பலதுறை மருந்தகம் போகும்போது பேரனின் சோதனை முடிவை மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் ஃப்ரக்டோசமீன் போன்ற, சிவப்பணுவை நம்பாத வேறு அளவையால் பார்ப்பார்கள்.